நாற்பதாம் நாள் சட்டை

குழந்தையை நாற்பதாம் நாள் வழக்கப்படி நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட ஐந்து வீட்டுப் பெண்களும் கூடியிருந்தோம். ஒருத்தியும் கோட்டைக் கழற்றவில்லை.

எங்கள் ஐந்து மாடி வீடுகளையும் சூடாக்க ஒரே வெந்நீர்க் குழாய். அது நின்றுபோய் நாலு நாள். நரின் என்ற எங்கள் மலையூரின் ஜனவரிக் குளிரில் என் முழங்கால் வலி உயிரை வாங்கியது.

காலையில் வந்த பிளம்பர் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டுப் போனார். யாரோ அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரிலிருந்து வெந்நீரைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்களாம். அதனால்தான் குழாயில் காற்று அடைத்துக்கொண்டதாம். திருட்டைக் கண்டுபிடிக்கப் போன வாரமே அந்தத் தண்ணீரில் பச்சைச் சாயம் கலந்துவிட்டார்களாம்.

"எவ வீட்டுத் துணி பச்சையா இருக்கோ, அவ வீட்டு ரேடியேட்டரை அறுத்து எறியணும். கெடந்து வெறைக்கட்டும்!" என்றாள் குழந்தையின் பாட்டி கனிஷாய்.

எல்லோரும் கை தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

கனிஷாயின் மருமகள் நூர்ஸாத் குளிப்பாட்டும் தண்ணீரை விளாவிக்கொண்டிருந்தாள். பாவம், அந்த வீட்டில் தேநீர் ஆறினால் ஒரு பேச்சு, குழந்தை அழுதால் ஒரு பேச்சு. பிறந்ததிலிருந்து குழந்தை போட்டிருக்கும் முதல் சட்டையைத் துவைக்கக்கூட அவளை விட்டதில்லை. அவளுக்கு அழுக்குப் போக்கத் தெரியாது என்று கனிஷாயே ராத்திரியில் துவைத்துப் போடுவாள்.

கனிஷாய் குழந்தையை ஜன்னலோரம் கொண்டுவந்து போர்வைகளை விலக்கினாள். வெளியே பனி கண்ணைப் பறித்தது.

சட்டை இளம்பச்சையாக இருந்தது.

விளக்கு வெளிச்சத்தில் துவைத்தவளுக்கு அது தெரிந்திருக்காது.

கனிஷாயின் கை அப்படியே நின்றது. குழந்தை குளிர் தாங்காமல் காலை உதைத்தது. அறுக்க வேண்டியது இந்த வீட்டு ரேடியேட்டரைத்தான்.

'நான் துவைக்கவில்லை' என்று நூர்ஸாத் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமியார் மானம் கப்பலேறிவிடும். நூர்ஸாத்தோ முன்னால் வந்து சட்டை நாடாவை அவிழ்த்தாள்.

"பச்சைத் துணியிலதானே தைச்சோம் அத்தை, மறந்துட்டீங்களா?"

கனிஷாய் அவளையே பார்த்தாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சட்டைக்குத் துணி கொடுத்தவள் நான். நாலு ராத்திரியாக அந்தத் திருடியை நான் திட்டாத திட்டில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஆமாடி, பச்சைதான். நான்தானே குடுத்தேன்," என்றேன். "தண்ணியை ஊத்துங்கடி, பிள்ளை நடுங்குது."

அது, குழந்தைக்கும் ஆயுசு நீளட்டும் என்று, தொண்ணூறு வயது வாழ்ந்த என் மாமியாரின் முக்காட்டிலிருந்து வெட்டிய துணி. எங்கள் ஊர்க் கிழவிகள் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் முக்காடு போடுவதில்லை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

மூன்றாம் மாடிக்காரி நாற்பது கரண்டித் தண்ணீரில் முதல் கரண்டியை ஊற்றினாள்.

"ஒண்ணு," என்றோம் எல்லோரும்.