கோணல் அம்பு

வைக்கோல் இலக்குக்கு இரண்டு முழம் தள்ளி, மண்சுவரில் போய்க் குத்தி நின்றது அம்பு.

"கோணல் அம்பு" என்றார் எய்தவர்.

அம்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த இலக்கிடம் பொரிந்து தள்ளியது.

"நானா கோணல்? காலையில் என்னை அனலில் காட்டி நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நேராக இருக்கிறது என்று சொன்னது யார்? நான் நாணை விட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குள் எங்கே படுகிறது என்று எட்டிப் பார்க்க வில்லைச் சாய்த்துவிட்டார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஊரே கேட்கிறது. இங்கே எய்தவரே அம்பை நோகிறார்."

"எனக்கும் தெரியும்" என்றது இலக்கு. "தினமும் முதலில் அவர் பார்வைதான் இங்கே வந்து சேர்கிறது. அம்பு பிறகுதான் வருகிறது."

"அதை அவரிடம் சொல்லேன்."

"சொன்னால் நானும் கோணலாகிவிடுவேன்."

எய்தவர் புது அம்பு ஒன்றைத் தொடுத்து இழுத்தார். விடும்போதே அவர் தலை எட்டிப் பார்த்தது. வில் சாய்ந்தது. புது அம்பு பழைய அம்பின் பக்கத்திலேயே வந்து குத்தியது.

"வா தம்பி" என்றது பழைய அம்பு. "இதுவரை நீ நேராக இருந்தாய்."