பன்னிரண்டாவது தடவை

"பதினோரு தடவை பாத்திருக்கீங்க சார்."

போனில் ஒரு பெண் குரல். மாடிப்படி ஏறி வந்தவள் போல மூச்சு இரைத்தது.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மணி நாலு முப்பது. ஐந்து மணிக்கு முப்பது படங்களின் பட்டியல் நடுவர்களுக்குப் போயாக வேண்டும். பட்டியல் தயார். அனுப்புவதுதான் பாக்கி. விருது வேலைகளைக் கவனிக்கும் சாருலதா சற்றுமுன்தான் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். "அஞ்சுன்னா அஞ்சு சார். அஞ்சு அஞ்சுன்னா என் தலை போயிடும்."

விண்ணப்பத்தில் 'சந்தேகங்களுக்கு' என்று போட்டிருக்கும் நம்பர் அவன் மேஜையில்தான் அடிக்கும். எடுக்காவிட்டால் மறுபடி அடிக்கும்.

எடுத்துத் தொலைத்தாயிற்று.

"யாரும்மா பேசுறது?"

"ஜெபராணி சார். நாங்குநேரி. என் படம் எரநூத்தி பதினாலு."

கிண்டியில் ஒன்பதாவது மாடி. பெயின்ட் கம்பெனி ஒன்றின் அறக்கட்டளை. வளரும் இயக்குநர்களுக்கு வருடா வருடம் விருது, அடுத்த படம் எடுக்க உதவி. இந்த வருடம் வந்தவை முந்நூற்று நாற்பத்திரண்டு. முதல் சல்லடை அவன் கையில்.

அவன் ஒருவன் கையில்.

குடிகார அப்பாக்கள் அறுபது. மழையில் ஓடும் காதலிகள் நாற்பது. கண் எரிய எரியப் பார்த்தாயிற்று.

214-க்கு நேரே என்ன எழுதியிருக்கிறான் என்று தேடினான்.

'கம்பியில் காகம். இந்த வருடத்தின் பதினான்காவது காகம். வேண்டாம்.'

நாற்பது நொடிதான் பார்த்திருந்தான்.

"எத்தன தடவை பாத்தாங்கன்னு லிங்க்ல எண்ணிக்கை காட்டுது சார். பதினொண்ணும் சென்னையில இருந்துதான். நேத்துல இருந்து, படம் எடுத்த நாங்க நாலு பேரும் ஒறங்கல."

அப்போதுதான் உறைத்தது.

அந்த எண்ணிக்கையை முறைத்துக்கொண்டு அவனும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருக்கிறான். வேறொரு ஊர், வேறொரு விருது. இரண்டு மாதம். பூஜ்யம் கடைசிவரை பூஜ்யமாகவே இருந்தது. பிறகு கடிதம் வந்தது. 'தங்கள் படத்தை மிகுந்த கவனத்துடன் பார்த்தோம்.'

அதற்குப் பிறகு அவன் படம் எடுக்கவில்லை.

இந்த நாற்காலிக்கு வந்த முதல் நாளே ஒரு சபதம். இங்கிருந்து ஒருவருக்கும் பூஜ்யம் போகக் கூடாது. வந்த படத்தையெல்லாம் கடைசிவரை பார்த்தான்.

அது முதல் வருடம்.

இரண்டாவது வருடம், பாதிவரை.

இப்போதெல்லாம் தொடக்கத்தை மட்டும் பார்ப்பான். பிறகு சத்தத்தை அணைத்து ஓட விட்டுவிட்டு எக்ஸெல் நிரப்புவான். படம் பாட்டுக்கு ஓடும். எண்ணிக்கையில் ஒன்று ஏறும். சபதமும் காப்பாற்றப்படும்.

நேற்றும் அப்படித்தான் ஓட விட்டான். மேலே கூப்பிட்டார்கள். விழா மேடையின் பின்திரையில் நிறுவனரின் படம் பெரிதாக இருக்க வேண்டுமா, அறக்கட்டளையின் பெயர் பெரிதாக இருக்க வேண்டுமா? இதற்கு மூன்றேகால் மணி நேரம் கூட்டம். முடித்து வந்து பார்த்தால் திரையில் இன்னமும் காகம். திரும்பத் திரும்ப ஓட வைக்கும் பொத்தானில் கை பட்டிருக்கிறது.

மூடிவிட்டு வீட்டுக்குப் போனான்.

பதினெட்டு நிமிடப் படம். பதினோரு தடவை. சரியாகத்தான் வருகிறது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. சொல்லு."

பின்னால் எவனோ, "அதக் கேளுட்டி," என்றான்.

"இருல, கேக்கேன்லா," என்று இவள் கடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "நாளைக்குக் காலைல திருப்பூர் பனியன் கம்பெனில சேரணும் சார். அண்ணன் டிக்கெட் போட்டுட்டான். போனா மூணு வருசத்துக்கு எழுதி வாங்கிக்கிடுவாங்க. அப்புறம் எங்க கேமரா, எங்க படம். போகட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"முடிவு நடுவர்கள் கையிலம்மா."

"தெரியும் சார். ஆனா பிடிக்காத படத்த யாராவது பதினோரு தடவை பாப்பாங்களா?"

அவன் வாயைத் திறந்தான். 'கை பட்டுடுச்சும்மா.' இரண்டே சொல்.

வந்தது வேறு.

"அஞ்சரைக்குக் கூப்பிடு," என்றான்.

வைத்தான்.

நாலு முப்பத்தெட்டு. இப்போது ஆரம்பித்தால் நாலு ஐம்பத்தாறுக்கு முடியும். மிஞ்சுவது நாலு நிமிடம். முப்பது இடமும் நிரம்பிக் கிடக்கிறது. ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்க வேண்டும். யாருக்கு வேண்டும் இந்த வம்பு?

மேஜை இழுப்பறையில் ஹெட்போன் இருந்தது. வேலையில் சேர்ந்தபோது கேட்டு வாங்கியது வேறு. அது போன வருடம் பழுதாகி, இதைக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

பல்லால் கடித்துக் கிழித்தான்.

214.

கம்பி. காகம். வெறும் வானம்.

பத்து நொடி. இருபது. கொட்டாவி வந்தது. முப்பது. நாற்பது.

காகம் பறக்கவில்லை.

கம்பி நகர்ந்தது.

கரண்டுக் கம்பி இல்லை அது. கேபிள் டிவி வயர். மறுமுனையில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒருத்தி அதைத் தெருவுக்கு மேலாக இழுத்துக்கொண்டிருந்தாள். காகம் இறங்கவில்லை. அவளும் விரட்டவில்லை. அதையும் சேர்த்தே இழுத்தாள்.

நாங்குநேரியில் ஒரு போனில் பதினொன்று பன்னிரண்டாகியிருக்கும்.

சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

கதவருகே நிழல். சாருலதா. மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். உதடு அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

அவனுக்குக் கேட்கவில்லை.

காதுக்குள் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.