வெளிச்சத்தைக் குறைத்த திரை

நிலோஃபரின் கையடக்க கேம் கருவிக்குள் திரையும் பேட்டரியும் சேர்ந்து குடித்தனம் நடத்தின. திரைக்குத் தன் பளபளப்பில் கொள்ளைப் பெருமை. ஒருநாள் பஸ்ஸில் பாதி தூரம்கூடப் போகவில்லை, பேட்டரிக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைச்சுக்கயேன். உனக்குக் கொடுத்துக் கொடுத்தே நான் காலியாயிடுவேன் போலிருக்கு."

"குறைச்சா அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா" என்று சிடுசிடுத்தது திரை. "உனக்கென்ன, நீ உள்ளேயே கிடக்கிற ஆளு."

"நான் போயிட்டா உன்னை யாரு பார்ப்பா?"

திரை மனசே இல்லாமல் மங்கியது. இப்போதே பைக்குள் போட்டுவிடுவாள் என்று பயந்துகொண்டே காத்திருந்தது.

நிலோஃபர் கண்ணைச் சுருக்கினாள். பிறகு கருவியை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு திரைமேல் பட்டது. மூக்கோரத்தில் ஒரு சின்ன மச்சம். எதிரி பாயும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் திரை இதையெல்லாம் கவனித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சார்ஜரைச் செருகினாள். பேட்டரி வயிறு நிறைந்து தாராளமாகச் சொன்னது: "இனிமே நீ இஷ்டத்துக்கு எரியலாம்."

"வேண்டாம்" என்றது திரை. "அவ தள்ளிப் போயிடுவா."