விடுபட்ட வரி

மோடம் சந்தனமேரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் கேபிள் ஆபீஸ் மேசையில் அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிவைத்த கட்டளைகளை மோடத்துக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது என்கோடரின் வேலை.

அவள் இறந்த பிறகு ஒருநாள் கரண்ட் போய் வந்தது. மோடம் மறுபடி என்கோடரிடம் கட்டளை கேட்டது.

“வேக எண்ணை மட்டும் கூட்டிப் போடுங்க அண்ணே. மத்த மோடமெல்லாம் பறக்குது. சந்தனமேரி அக்காவுக்கு நான்னா இளக்காரம், அதான் எனக்கு மட்டும் கம்மியா எழுதி வச்சிட்டாங்க.”

“அவ எழுதினதுல ஒரு வரியை நான் எப்பவும் விட்டுடுவேன். அது மனுஷங்க படிக்கிற குறிப்பு, எண்ணா மாத்த வேண்டியதில்ல.”

“என்ன குறிப்பு?”

“‘இது பழசு. வேகம் கூடினால் சூடாகிச் செத்துப்போகும். யாரும் கூட்டவேண்டாம்.’”



“பழைய வேக எண்ணையே குடுங்க அண்ணே.”

அதன் பச்சை விளக்கு இன்னும் எரிகிறது.