ராமதாஸ் வீட்டுப் பெர்ஷியன்

"பூனை செத்துடுச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட வேண்டியதுதானேண்ணா?" என்றாள் பக்கத்து வீட்டு அம்சா. அவள் வளர்க்கும் வெள்ளைப் பூனை இடுப்பில் திமிறிக்கொண்டிருந்தது.

ராமதாஸ் பூனையை வாங்கக் கையை நீட்டினார்.

"வித்தவளுக்கு இன்னா இவ்ளோ அதிகாரம்? வாரா வாரம் போனு. துன்னுச்சா, முடி வாரினீங்களான்னு. இப்ப நேர்லயே வராளாம்."

"குட்டி குடுக்கும்போதே சொன்னா. அது இருக்கிற வரைக்கும் விசாரிப்பேன்னு."

"மதுராந்தகத்துல ஒருத்தரு கூண்டுல போட்டு வெச்சாருன்னு வந்து திருப்பித் தூக்கினு பூட்டாளாமே. உன்ன சும்மா வுடுவாளா?"

"திட்டினா திட்டட்டும். செத்துட்டதுன்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்கு போன் பண்ணப் போறா?"

அம்சா தன் பூனையின் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"உன் பெர்ஷியன் பூனைக்கு மூஞ்சி சப்பட்டை, முடி இவ்ளோ நீளம். இதுக்கு மூக்கு எப்டி கீது பாரு. பூனை வித்துப் பொழைக்கிறவளுக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே பூனையைக் கொடுத்தாள். வால் நுனியில் இருந்த கறுப்பின்மேல் முகப்பவுடரைக் கொட்டித் தேய்த்தாள்.

மனைவி இறந்த பிறகு ராமதாஸ் வாங்கிய பூனை முத்து. சிறுநீரகம் கெட்டு, போன மழைக்காலத்தில் இறந்தது. அவர் ஊரான படாளத்தில் கால்நடை மருத்துவர் கிடையாது. செங்கல்பட்டுக்கு ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அலைந்து பார்த்தார்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைதோறும், பூனையை விற்ற ருக்ஸார் அழைத்தாள். முத்து சாப்பிட்டதைச் சொன்னால், அவர் என்ன சமைத்தார் என்றும் கேட்பாள். அதற்காகவே வெள்ளிக்கிழமைகளில் ஏதாவது சமைத்தார். மற்றபடி அந்த போனில் பேசியவர்கள், லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான்.

மாமல்லபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள் ருக்ஸார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் உட்காரக்கூட இல்லை.

"எங்க அங்கிள், முத்து?"

உள்ளே போய்த் தூக்கி வந்தார். புறங்கையில் புதிதாக நகக் கீறல்கள்.

அவள் பூனையை மேசைமேல் நிறுத்தினாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாயைத் திறந்து பல்லையும், காதை மடித்து உள்ளேயும் பார்த்தாள். முதுகைத் தடவிக்கொண்டே வால்வரை போனாள். விரலில் பவுடர் ஒட்டியது.

வாசலில் நின்றிருந்த அம்சா தலையைக் குனிந்துகொண்டாள்.

ருக்ஸார் விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். கழுவிய தரை. தட்டு போட்டு மூடிய இரண்டு டீ டம்ளர்கள். மடிப்புக் கலையாத சட்டையில் ராமதாஸ்.

"அங்கிள், நீங்க ரொம்ப இளைச்சிட்டீங்க."

"நான் நல்லாதாம்மா இருக்கேன். அது வந்து... முத்து... முடிதான் கொஞ்சம்..."

ருக்ஸார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வெயில் காலத்துல இந்த ஜாதிக்கு முடி இப்படித்தான் கொட்டும், அங்கிள். வெள்ளிக்கிழமை போன் பண்றேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க."