அப்பா ருசி பார்த்த சூப்

ராணுவ டாக்டரான அப்பா ரஷ்ய முகாமில் போர்க் கைதியாக இருந்தார். அங்கே சூப்பை அவர் ருசி பார்த்து, "ஊத்தலாம்" என்ற பிறகுதான் மற்றக் கைதிகளின் தகர டப்பாக்களில் ஊற்றுவார்கள். சொந்த ஊரான செகெடுக்குத் திரும்பிய பிறகு எங்கள் வீட்டிலும் அதே வழக்கம். "உடம்பு மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கு" என்று அம்மா குறைபடுவாள்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் அம்மா பீன்ஸ் சூப் வைத்தாள். பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"செத்த மனுஷன் வந்து உப்புப் பார்க்கணுமா, அண்ணி? பசி உயிர் போகுது" என்றாள் எதெல்கா அத்தை.

"ஊத்தலாம்." சமையலறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"இப்பவாவது நம்மகிட்ட வந்துட்டார்டீ!" அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே யாருமில்லை. பானை காலியாக இருந்தது. பின்முற்றத்தில் நிறையப் பேர் தகர டப்பாக்களைச் சுரண்டும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.