முதல் லெவல்

பெங்களூர் அடுகோடி சர்ச் ஹாலில் தியோடர் அங்கிள் அந்த வீடியோ கேமை டிவியில் மாட்டினார். டீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கென்று பழைய சாமான் சேர்க்கிறார்கள். ஓடாததைக் கொடுத்துப் பிள்ளைகளை ஏமாற்றக் கூடாதென்று, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார் தியோடர்.

இந்த கேம் டீனாவின் தம்பி டிரேவருடையது. போன வருஷம் ஓசூர் ரோட்டில் பைக்கோடு விழுந்தவன், பாவி, வீடு திரும்பவே இல்லை.

அவன் இருந்தவரை டாடி கிளெமென்ட்டுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. சனியன் என்றுதான் சொல்வார். இப்போதோ டீனா எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்குக் கேப் ஏறிவிட்டால், வீட்டில் நாள் முழுக்க அவரும் அந்தப் பெட்டியும்தான். மனுஷர் எப்படித் தாங்குவார்? அவளாலேயே டிவி பக்கம் போக முடியவில்லை.

அதனால்தான் கொடுத்துவிடலாமா என்று இந்த வாரம் கேட்டாள்.

டாடி பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

“உனக்குப் பாக்கக் கஷ்டமா இருக்குன்னா குடுத்துடும்மா. காயலான் கடைக்கு மட்டும் போட்டுடாதே.”

இன்று காலை அவரே ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்துக் கொடுத்தார். தெருமுனைவரை கூடவே வந்தார்.

ஒரு வருஷம் சும்மா கிடந்த பெட்டி, எங்கே ஓடப்போகிறது என்று நினைத்தாள். அமுக்கியதும் ஓடியது. கன்ட்ரோலரில் சார்ஜ்கூட முழுசாக இருந்தது.

கார் ரேஸ் வந்தது. ஆடியவர்களின் பெயர்கள் வந்தன.

டிரேவர். கடைசி லெவல்.

கர்த்தரே, இதற்குத்தானே பயந்தாள்.

கீழே இன்னொரு பெயர் இருந்தது.

கிளெமென்ட். முதல் லெவல். நூற்றுக்கணக்கான தோல்வி. கடைசியாக ஆடியது நேற்று மத்தியானம், அவள் ஆபீசில் இருந்த நேரம்.

தியோடர் நிமிர்ந்தார். “நல்லாத்தாம்மா ஓடுது. பழசையெல்லாம் அழிச்சிட்டுத்தான் புள்ளைங்களுக்குக் குடுப்போம். அழிச்சிடட்டுமா?”

டீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அங்கிள், மன்னிச்சுக்குங்க. எங்க வீட்லயே இத ஆடறதுக்கு ஆள் இருக்கு.”